வன்னியில் வீட்டு முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் கல்: செலவில்லாமலும் மலிவாகவும் எடுப்பது பற்றிய கேள்வி பதில்

காசு கொடுக்காமல் கல் கிடைக்குமா? முதலில் எங்கே தேடுவது?

கிடைக்கும். முதலில் பார்க்க வேண்டியது கிணறு வெட்டிய வளவுகளை. வவுனியா, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கங்களில் கிணறு வெட்டினால் சில அடி மண்ணுக்குக் கீழே உக்கின பாறையும் அதற்குக் கீழே கருங்கல்லும் வரும். உடைத்து மேலே எடுத்த கல் கிணற்றடியில் ஆண்டுக்கணக்காகக் குவிந்து கிடக்கும். வளவுக்காரருக்கு அது இடைஞ்சல். மரக்கறி நட இடமில்லை, பாம்பு குடியிருக்கிறது என்று அவரே சலித்துக்கொண்டிருப்பார். "நாங்களே ஏற்றிக்கொண்டு போகிறோம், இடத்தையும் துப்புரவாக்கித் தருகிறோம்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். உடைத்த கல் என்பதால் முனையும் முகமும் இருக்கும். அடுக்கினால் நன்றாகப் பிடிக்கும்.

அடுத்தது வீடு கட்டி முடித்த வளவுகள். அத்திவாரத்துக்கு இறக்கிய ஆறுக்கு ஒன்பது கல்லில் (6 அங்குலத்துக்கு 9 அங்குலமாக உடைத்த கல்) கொஞ்சம் எப்போதும் மிஞ்சும். போர் முடிந்த 2009க்குப் பின் வீட்டுத் திட்டங்களில் கட்டிய வீடுகள் கிராமம் முழுக்க இருப்பதால், வேலி ஓரத்தில் பத்து, இருபது கல்லாகப் புல்லுக்குள் மறைந்து கிடப்பது உண்டு. ஒரு வீட்டில் கிடைப்பது காணாது. ஒரே ஒழுங்கையில் நாலைந்து வீட்டில் கேட்டால் ஒரு பூப்பாத்திக்கு வேண்டியது சேர்ந்துவிடும். ஊர் மேசனைக் கேளுங்கள். எந்த வளவில் என்ன மிச்சம் கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, மேட்டுநிலப் பயிர்ச்செய்கைக் காணிகள். உழவு இயந்திரக் கொழுவில் தட்டுப்படும் கல்லைப் பொறுக்கி எல்லையில் போட்டிருப்பார்கள். இதில் வெள்ளைப் படிகக்கல் கலந்து வரும். பாத்தி ஓரத்துக்கு இதைவிட அழகான கல் காசுக்கும் கிடைப்பது அரிது.

நகரத்துக்குக் கிட்ட இருப்பவர்கள் கிரனைட் பலகை வெட்டும் கடைகளில் துண்டு கேட்கலாம். ஆனால் மினுக்கிய முகம் மழையில் வழுக்கும். நடைபாதையில் போடுவதானால் மினுக்காத பக்கம் மேலே வரவேண்டும்.

ஆளில்லாத காணியிலும் பழைய மண் அணையிலும் கல் நிறையக் கிடக்கிறது. எடுக்கலாமா?

வேண்டாம். மற்ற எல்லாப் பதில்களையும் மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலை போன்ற பழைய போர்முனைகளில் அது ஆண்டுக்கணக்காக இழுபட்டது. அகற்றி முடித்த காணியிலும் வெடிக்காத எறிகணை, கைக்குண்டு ஆழத்தில் கிடந்து பின்னர் மழையில் வெளிப்படலாம். கல் எடுப்பவர் செய்யும் வேலையே ஆபத்தான வேலை: அலவாங்கால் குத்துகிறார், பிக்காசால் தோண்டுகிறார், மண்ணில் புதைந்ததை இழுக்கிறார். போர்க்கால மண் அணை, பதுங்குகுழி, இடிந்த வீட்டின் குவியல், சிவப்புப் பலகையும் மண்டையோட்டுக் குறியும் உள்ள எல்லை, சிவப்பு நிறம் பூசிய கட்டை நட்ட இடம் ஆகியவற்றில் ஒரு கல்லைக்கூடத் தொடாதீர்கள். பலகை விழுந்துபோயிருக்கலாம். ஆகவே பலகை இல்லை என்பதை வைத்து அந்த இடம் பாதுகாப்பானது என்று முடிவு கட்டமுடியாது.

பாதுகாப்பான இடம் என்றால் ஆட்கள் குடியிருந்து, உழுது, நடந்து புழங்கும் காணி. அங்கேயும் மேலே கிடக்கும் கல்லை மட்டும் எடுங்கள். துருப்பிடித்த இரும்பு, செட்டை வைத்த குழாய், பச்சை நிறப் பிளாஸ்திக் டப்பா போல எது தென்பட்டாலும் கையை எடுத்து, வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119க்கோ சொல்லுங்கள். பிள்ளைகளைக் கல் பொறுக்க அனுப்பவே கூடாது.

காடு, ஆறு, குளம், கடற்கரை? அங்கே கிடப்பது பொதுச் சொத்துத்தானே?

பொதுச் சொத்து என்பதால்தான் எடுக்க முடியாது. ஒதுக்கிய காட்டில் கல், மண் எதையும் அகற்ற வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கனகராயன் ஆறு, பறங்கி ஆறு, அருவி ஆறு போன்றவற்றில் மணலோ கூழாங்கல்லோ அள்ளுவது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் வரும். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றினால் வாகனம் பிடிபடும்.

குளக்கட்டுக் கல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எதுவானாலும், அலை அடிக்கும் பக்கத்தில் கட்டோடு பதித்திருக்கும் கல் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. மாரியில் நீர் நிறைந்து காற்றுக்கு அலை அடிக்கும்போது மண் அரிக்காமல் தாங்குவது அந்தக் கல்தான். பத்துக் கல்லைப் பிடுங்கினால் அந்த ஓட்டையில் மண் கரையும், மேலே உள்ள கல் சரியும், அடுத்த மழைக்குக் கட்டே குழிவிழும். கீழே வயல் வைத்திருப்பவர்கள் உங்கள் ஊரவர்கள்தான். ரயில் பாதைச் சல்லியும் இதே வகை. தண்டவாளத்தை அசையாமல் பிடிப்பது அது.

கடற்கரையில் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) எடுக்கத் தடை உண்டு. செத்து ஒதுங்கிய துண்டு என்று சொல்லித் தப்பமுடியாது.

இன்னும் சில கற்கள் இருக்கின்றன. செதுக்கிய தூண், எழுத்துப் பொறித்த கல், பழைய மதகின் கல் தொல்பொருள் திணைக்களத்துக்குரியவை. மரத்தடியிலோ குளக்கட்டிலோ தனியாக நட்டிருக்கும் கல் வைரவராகவோ ஐயனாராகவோ இருக்கும். பூவும் திருநீறும் இல்லாவிட்டாலும் ஊரில் வயதானவர்களைக் கேட்காமல் அசைக்காதீர்கள். கல்லறைத் துண்டு எதையும் எந்த நிலையிலும் எடுக்கக்கூடாது.

என் சொந்தக் காணியில் பாறை இருக்கிறது. உடைக்கலாமா?

மேலே உதிரியாகக் கிடப்பதைப் பொறுக்கி உங்கள் முற்றத்தில் வைப்பது வேறு, பாறையைத் தகர்ப்பது வேறு. வெடிமருந்துக்கு உரிமம் வேண்டும். உடைத்து விற்பதற்கும் வெளியே ஏற்றுவதற்கும் சொந்தக் காணி உறுதி மட்டும் போதாது, அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். பாறையில் விறகு எரித்துச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றிப் பிளக்கும் பழைய முறையை வீட்டில் முயலாதீர்கள். சூடேறிய கல்லிலிருந்து செதில் தெறித்துக் கண்ணில் பாயும். வெடிப்புக்குள் நீர் ஊறிய கல் நெருப்பில் வெடித்துச் சிதறும். இதே காரணத்தால் ஆற்றுக் கல்லை அடுப்புக்கல்லாகவும் வைக்கக்கூடாது.

பெரிய பாறை நடுமுற்றத்தில் இருந்தால் உடைக்காமலே விட்டு, அதைச் சுற்றித் தோட்டத்தை அமைப்பதுதான் மிக மலிவான வழி.

எங்கள் பக்கம் கருங்கல்லே இல்லை. ஏன்?

பூநகரி, முழங்காவில், மன்னார்க் கரையோரம் எல்லாம் சுண்ணக்கல் நிலம். வவுனியா மாவட்டமும் முல்லைத்தீவின் தென்பாதியும் கருங்கல் நிலம். இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் மண்ணுக்கடியில் செங்கிரவல் (சிறுகல் கலந்த செம்மண்) கிடைக்கும். எது பக்கத்தில் கிடைக்கிறதோ அதை வைத்துத் தோட்டத்தைத் திட்டமிடுங்கள். பூநகரிக்கு வவுனியாக் கருங்கல் கொண்டுபோனால் கல்லின் விலையைவிட ஏற்றுக்கூலி பல மடங்காகும்.

சந்தேகமான கல்லைச் சோதிப்பது எளிது. ஆணியால் சுரண்டித் தூளாக்கி, அதன் மேல் தேசிக்காய்ப் புளி விடுங்கள். நுரைத்தால் சுண்ணக்கல். வேலி ஓரத்துக்கும் பாதைக்கும் அது நல்ல கல். எக்ஸோறா (வெட்சி) போன்ற பூமரங்களின் அடியில் மட்டும் போடாதீர்கள். சுண்ணாம்பு மண்ணில் ஏறினால் செடிக்கு இரும்புச்சத்து எடுக்க முடியாமல், நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாகும். உரம் போட்டும் தேறாது.

கருங்கல்லைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல கல். மந்தமான சத்தம் வந்து, பொடி உதிர்ந்து, மைக்கா மினுங்கினால் உக்கின கல். அதை அடுக்குச் சுவரில் வைத்தால் ஓரிரு மாரியில் உதிரும். பாதைக்கு அடியில் நிரப்பப் பயன்படுத்தலாம்.

கல்லுடைக்கும் இடத்தில் வாங்கினால் எதைக் கேட்பது?

முக்கால் அங்குலச் சல்லிக்குக் கட்டட வேலையில் கிராக்கி இருப்பதால் விலையும் கூட. தோட்டத்துக்கு அது அவசியமில்லை. அளவு பிசகின கல், ஆறுக்கு ஒன்பதில் கழித்த கல், மேல்மண்ணோடு வந்த கலவைக் கல் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டடத்துக்கு உதவாதது பாத்தி ஓரத்துக்கு நன்றாக உதவும். நடைபாதைக்குக் கல்தூள் கேளுங்கள். தெரிவு செய்து பொறுக்குவேன் என்றால் விலை ஏறும், வந்தபடி ஏற்றுவேன் என்றால் இறங்கும்.

ஏற்றும்போது பற்றுச்சீட்டும் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரமும் சாரதியிடம் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். ஏ9 வீதியில் மறித்தால் கேட்பது அதைத்தான்.

ஒரு கியூப் என்றால் எவ்வளவு? ஏமாறாமல் அளப்பது எப்படி?

ஒரு கியூப் என்பது 100 கன அடி. பெட்டியின் உள்நீளம், உள்ளகலம், கல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும். 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 90 கன அடி, அதாவது கியூப்பில் பத்திலொன்று குறைவு. கொட்டிய பிறகு குவியலை அளந்து சண்டை பிடிக்க முடியாது. இறக்க முன் நாடா பிடியுங்கள். நடுவில் கும்பமாகவும் ஓரத்தில் பள்ளமாகவும் இருந்தால் தட்டிச் சமப்படுத்திவிட்டு அளக்க வேண்டும்.

ஒரு கியூப் சல்லி ஏறத்தாழ 4 தொன் நிறை. பெரிய கல்லில் இடைவெளி கூட இருப்பதால் நிறை சற்றுக் குறையும்.

எனக்கு எவ்வளவு கல் தேவை?

பரப்பைச் சதுர அடியில் எடுத்து, தடிப்பை அடியாக்கிப் பெருக்குங்கள். 2 அங்குலத் தடிப்பில் ஒரு கியூப் 600 சதுர அடியை மூடும். 3 அங்குலத்தில் 400 சதுர அடி.

கிரவல் பாதை 40 அடி நீளம், 3 அடி அகலம், இறுகிய பின் 3 அங்குலம் வேண்டுமென்றால் கணக்கு 30 கன அடி. ஆனால் தண்ணீர் தெளித்து இடித்தால் கிரவல் இறங்கும். 40 கன அடி கொண்டுவாருங்கள்.

கல்லை முதலில் எதற்குச் செலவிடுவது என்று கேட்டால், பூப்பாத்திக்கு முன் கூரைத் தண்ணீர் விழும் இடத்துக்கு என்போம். பீலி இல்லாத ஓட்டு வீட்டில் மாரித் தண்ணீர் ஒரே கோட்டில் விழுந்து மண்ணைக் குழியாக்கும், சேறு தெறித்துச் சுவரின் அடி கறுக்கும், நாளடைவில் அத்திவாரத்தின் ஓரம் தெரியும். தண்ணீர் விழும் கோடு நடுவில் வரும்படி ஒன்றரை அடி அகலத்தில் 4 அங்குலம் தோண்டி, அடி மண்ணை வெளிப்பக்கம் சரிவாகத் தட்டி, ஒன்றரை அங்குலக் கல்லை நிரப்புங்கள். சுற்றளவு 100 அடியுள்ள வீட்டுக்கு அரைக் கியூப் போதும். சரிவு வெளிப்பக்கம் இருக்க வேண்டும் என்பதில் தவறினால் தண்ணீரைச் சுவருக்கே கூட்டிக் கொடுத்ததாகிவிடும்.

ஏற்றிப் பறிப்பதுதான் செலவாகிறது. எப்படிக் குறைப்பது?

பட்டா எனப்படும் சிறு லொறியில் முக்கால் தொன்னுக்கு மேல் ஏற்றக்கூடாது. அது கியூப்பில் ஐந்திலொன்றுக்கும் குறைவு. லாண்ட்மாஸ்ரர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் கால் கியூப் என்றாலே ஒரு தொன்னாகிவிடும். ஆகவே ஒரு கியூப் வேண்டுமென்றால் சின்ன வாகனத்தை நாலைந்து தரம் ஓட்டுவதைவிட ஒரு பெரிய உழவு இயந்திரம் மலிவு. இரண்டு, மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு டிப்பர் பிடித்தால் இன்னும் மலிவு. உங்கள் ஊருக்கு வேறு சாமான் இறக்க வரும் வாகனம், கல் இருக்கும் பக்கத்திலிருந்து வெறுமையாக வருகிறதா என்றும் விசாரியுங்கள்.

காலமும் முக்கியம். காலபோக (மாரி நெற்செய்கை) உழவு நடக்கும் புரட்டாதி, ஐப்பசியிலும் அறுவடை வேளையிலும் உழவு இயந்திரம் கிடைக்காது, கிடைத்தாலும் கூலி கூட. கார்த்திகை, மார்கழியில் ஒழுங்கை சேறாகி, கல் ஏற்றிய பெட்டி புதையும். காலபோக அறுவடை ஓய்ந்த பங்குனிக் கடைசியிலிருந்து ஆடி வரை கேளுங்கள்.

வளவுக்குள் கொட்டும் இடத்தை முன்பே தீர்மானித்து வையுங்கள். கழிவுநீர்க் குழியின் மூடிக்கு மேலும் கிணற்றுக் கட்டுக்கு அருகிலும் கனமான வாகனத்தை விடக்கூடாது.

பெரிய கல்லைத் தூக்குவது எப்படி? பாம்பு பயமும் இருக்கிறது.

ஓரடி விட்டமுள்ள உருண்டைக் கருங்கல் ஏறத்தாழ 40 கிலோ. இரண்டடி என்றால் இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும்: 320 கிலோ. பார்வைக்குத் தெரியாது, முதுகுக்குத் தெரியும். ஓரடிக்கு மேற்பட்டதை அலவாங்கால் நெம்பி, பலகையில் ஏற்றி, கீழே பனங்கொட்டோ இரும்புக் குழாயோ வைத்து உருட்டுங்கள். பெட்டியில் ஏற்ற இரண்டு தடித்த பலகையைச் சரிவாக வைத்து மேலிருந்து கயிற்றால் இழுக்க வேண்டும். கல்லுக்குக் கீழ்ப்பக்கம் ஆள் நிற்கக்கூடாது.

பழைய குவியலில் சுருட்டை, புடையன், தேள் இருக்கும் என்று எண்ணியே கை வையுங்கள். முதலில் நீண்ட தடியால் தட்டி ஓசை எழுப்பி, சற்றுப் பொறுத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். புரட்டும்போது கல்லை உங்கள் பக்கம் சாய்க்க வேண்டும். அடியில் இருப்பது எதிர்ப்பக்கம் வெளியேறும், கல் நடுவில் மறைப்பாக நிற்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் பாம்பு உங்கள் காலடிக்கு வரும். மூடிய சப்பாத்து, தடித்த கையுறை கட்டாயம். கடித்தால் கட்டவோ கீறவோ வேண்டாம். கையை, காலை அசைக்காமல் வைத்து 1990க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொண்டுவந்த கல்லையும் மாதக்கணக்கில் குவியலாக விடாதீர்கள்.

போட்ட கல் ஒரு மாரியிலேயே புதைந்துவிட்டது. ஏன்?

அடி மண் களி. முருங்கன் பக்கத்துக் கரும்களி கோடையில் வெடித்துப் பிளக்கும், மழையில் ஊதி இளகும். அந்த வெடிப்புக்குள் சல்லி ஒவ்வொரு ஆண்டும் இறங்கும். புல்லை அகற்றி, 2 அங்குலம் கிரவல் போட்டு, நனைத்து இடித்து இறுக்கி, அதன் மேல் கல்லைப் பரப்புங்கள். வெறும் உரப்பையை விரித்தால் மண்ணுக்கடியில் சில காலம் நிற்கும், வெயில் பட்ட இடம் நார்நாராகி முற்றமெல்லாம் பிளாஸ்திக் பறக்கும்.

கோரை உள்ள இடத்தில் எவ்வளவு கல் போட்டாலும் முளைக்கும். கிழங்கைத் தோண்டி எடுத்த பிறகே கல். மரத்தடியில் போடும்போது தண்டிலிருந்து ஓரடி விட்டுப் போடுங்கள். மேற்குச் சுவரோரம் வெள்ளைக் கல் பரப்பினால் சித்திரை, வைகாசி வெயில் சுவரிலும் யன்னலிலும் தெறித்து வீடு வேகும்.

சீமெந்து இல்லாமல் சிறு சுவர் அடுக்கலாமா?

இரண்டு அடி உயரம் வரை அடுக்கலாம். 6 அங்குலம் தோண்டிப் பெரிய கல்லை அடியில் வையுங்கள். அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமல், மண் பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்க வேண்டும். கல்லின் நீளப் பக்கம் சுவருக்குள்ளே போக வேண்டும். அழகான நீள முகத்தை வெளியே காட்டி அடுக்கினால்தான் சுவர் வயிறு தள்ளும். மேல்வரிசைக் கல் கீழே உள்ள பொருத்தை மூடி உட்கார வேண்டும். பின்னால் சிறுகல் நிரப்பினால் மாரித் தண்ணீர் வடியும், வெறும் மண் நிரப்பினால் ஊறித் தள்ளும். 20 அடி நீளம், ஒன்றரை அடி உயரச் சுவருக்கு அரைக் கியூப்பிற்குச் சற்றுக் குறைய வேண்டும்.

இடித்த வீட்டுக் கொங்கிறீட் துண்டு உதவுமா?

காணிக்காரர் நின்று இடித்த வீடு என்றால் உதவும். அடியில் நிரப்பவும் பாதைக்கும் நல்லது. கம்பி நீட்டிய துண்டைத் தவிருங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற் உடைந்து கலந்திருந்தால் அந்தக் குவியலை முழுமையாக விட்டுவிடுங்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கிவிடும்.

உடைந்த அம்மி, ஆட்டுக்கல், உரல்?

கிணற்றடிப் படிக்கு அம்மியைவிட நல்ல கல் இல்லை. கொத்திய முகம் வழுக்காது. ஆட்டுக்கல்லையும் உரலையும் குருவிக்குத் தண்ணீர் வைக்கப் பயன்படுத்தினால், கிழமைக்கு இரண்டு தரம் தண்ணீரைக் கொட்டி உட்பக்கத்தைத் தேங்காய்த் தும்பால் உரஞ்சுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. வீட்டில் இல்லாத நாட்களில் கவிழ்த்து வையுங்கள். கவிழ்க்க முடியாத பெரிய உரலின் குழியை மண்ணால் நிரப்பிச் செடி நடலாம். ஆனால் அடியில் துளை இல்லாததால் முதலில் நாலங்குலம் சிறுகல் போட்டு, தண்ணீர் அதிகம் வேண்டாத கற்றாழை போன்றதை நடுங்கள்.